அடைக்கலப் பொருள்

கி.பி. 110-ஆம் ஆண்டையொட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா-பொந்து மாகாணத்திற்கு இளைய பிளினி ஆளுநராக வந்தார். சட்டம் அறிந்தவர், பண்பாளர். அம்மாகாணத்து நகரங்களில் மலிந்திருந்த பூசல்களையும் நிதிச் சீர்கேட்டையும் களைவதற்காகப் பேரரசர் டிராஜனே அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்.

மக்கள் ஒன்றுகூடுவதைக் கண்டு அரசு அஞ்சிய காலம் அது. நிக்கோமீடியா நகரில் பெருந்தீ மூண்டபின், தீயணைப்பதற்கு 150 பேர் கொண்ட குழுவை அமைக்க பிளினி அனுமதி வேண்டினார். டிராஜன் மறுத்துவிட்டார். எப்பெயரில் கூடினாலும் மக்கள் நாளடைவில் அரசியல் குழுவாக மாறிவிடுவர் என்பது அவர் கருத்து. தீயணைப்போருக்கே இடமில்லாத நாட்டில், விடியுமுன் கூடி வழிபடுவோருக்கு இடம் ஏது?

மற்றொரு காரணமும் உண்டு. தெய்வங்களின் அருளால்தான் பேரரசு நிலைபெறுகிறது என்று ரோமர் நம்பினர். எனவே வழிபாடு அங்கே தனிமனித பக்தி மட்டுமன்று. குடிமக்களின் கடமையும் ஆகும். யூதர்களின் சமயத்தை, முன்னோர் வழிவந்த தொன்மையைக் கருதிப் பொறுத்துக்கொண்டனர். கிறிஸ்தவர்களுக்கு அச்சலுகை கிட்டவில்லை.

கிறிஸ்தவர்தாமா என்று பிளினி மும்முறை வினவுவார், தண்டனையையும் நினைவூட்டுவார். ஆம் என்று உறுதியாய் நின்றவர்களுக்கு மரணம். ரோமக் குடியுரிமை பெற்றவர்களை மட்டும் ரோமுக்கு அனுப்பினார். பேரரசரின் உருவச்சிலைக்கு மதுவும் தூபமும் படைத்துக் கிறிஸ்துவை நிந்தித்தவர்களுக்கு விடுதலை.

இவர்கள் செய்த குற்றந்தான் என்ன? அச்சமயத்தை முன்பே விட்டு விலகியிருந்தவர்களை விசாரித்தார். குறித்த நாளில் கூடிக் கிறிஸ்துவைப் பாடுவதும், களவு, கொள்ளை, பிறர்மனை நாடல் ஆகியவற்றைச் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, அடைக்கலப் பொருளைக் கேட்கும்போது இல்லையென்று மறுப்பதில்லை என உறுதி பூணுவதுமே தங்கள் வழக்கம் என்றனர் அவர்கள். இதைச் சரிபார்க்க, திருத்தொண்டு புரிந்துவந்த இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். மிதமிஞ்சிய மூடநம்பிக்கை என்று அவர் கருதியதைத் தவிர வேறொன்றும் வெளிப்படவில்லை. எனினும் பிடிவாதமே தண்டனைக்குரியது என அவர் எண்ணினார்.

டிராஜனின் விடை வியப்பிற்குரியது: அவர்களைத் தேடிச் செல்ல வேண்டாம், குற்றம் சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்கவும், பெயரில்லாப் புகார்களை ஏற்க வேண்டாம். குற்றவாளிகள் எனில் ஏன் தேடவில்லை? குற்றமற்றவர் எனில் ஏன் தண்டிக்க வேண்டும்? இந்த முரண்பாட்டை, சுமார் 197-இல், கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் சுட்டிக்காட்டினார்.

303-இல் டயோக்ளீசியன் தொடங்கிய கொடிய அடக்குமுறைக்குப் பின், 313-இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் வழிபாட்டுரிமை அளித்தனர். வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 385-ஐ ஒட்டி, ஆயர்கள் சிலரே குற்றம் சாட்ட, பிரிசில்லியன் என்ற ஆயருக்குத் திரியர் நகரில் ஒரு கிறிஸ்தவப் பேரரசர் மரண தண்டனை விதித்தார். அதைத் தடுக்க மன்றாடியவர் தூர் நகர ஆயர் மார்ட்டின். முன்பு கூண்டில் நின்ற சமயம் இப்போது நீதிபீடத்தின் அருகில் அமர்ந்திருந்தது.

மனசாட்சி இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அதிகாரத்திற்கு அஞ்சி அதை இல்லையென்று மறுக்காதிருப்பது அறத்தின் ஒரு பாதி. அதிகாரம் தன் கைக்கு வரும்போது, பிறர் நெஞ்சிலுள்ள அப்பொருளைப் பறிக்காதிருப்பது மறுபாதி. முதற்பாதிக்கு அந்த அடிமைப் பெண்களும் மறுபாதிக்கு மார்ட்டினும் சான்று. இரண்டையும் ஒருங்கே காப்பவனே மெய்யான பக்தன்.