பொன் கச்சையும் போர் வரியும்

நாட்டைக் காக்க அரசு கூடுதல் வரி கேட்டால் குடிமக்கள் கொடுத்தே ஆகவேண்டுமா? 'கடமை' என்று ஒரே சொல்லில் விடை பகர்வோர் உளர். வினா அத்துணை எளியதன்று.

கி.பி. 1258இல் பக்தாது மங்கோலியரிடம் வீழ்ந்தது. அடுத்து ஷாமும் மிஸ்ரும் என்ற நிலை. மிஸ்ரில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த குதுஸ், படைச் செலவுக்கு மக்களிடம் வரி தண்டலாமா என்று மார்க்கத் தீர்ப்புக் கேட்டார். இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் மறுக்கவில்லை, நிபந்தனை விதித்தார்கள். அமீர்கள் தம் பொன் இடைக்கச்சைகளையும் அணிமணிகளையும் முதலில் விற்கட்டும். வீரர்கள் குதிரையும் ஆயுதமும் மட்டுமே உடையவராய்ப் பொதுமக்களுக்குச் சமமாக நிற்கட்டும். பிறகும் போதாவிடில் வரி ஆகும். பகைவன் வாசலுக்கு வந்துவிட்ட வேளையில் இப்படிச் சொல்ல எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! 1260இல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியர் தோற்றனர்.

தபூக்கிற்காக உஸ்மான் (ரலி) அவர்கள் அள்ளி வழங்கியதை மீலாது மேடைகளில் மகிழ்ந்து பேசுகிறோம். அது விரும்பித் தந்த கொடை. வரியோ ஏழையின் கையையும் பற்றுவது. சோப்புக் கட்டி வாங்கும் கைம்பெண்ணும் செல்வரும் ஒரே விழுக்காடு செலுத்தும் மறைமுக வரியைக் கூட்டிப் பீரங்கி வாங்குவதை இமாமவர்கள் ஒப்பியிருப்பார்களா? செல்வரின் வருமானத்தின் மீது முதலில் விழுமாயின் அவ்வரியை நான் மறுக்கமாட்டேன். ஆனால் இன்றைய பொன் கச்சைகள் எங்கே உள்ளன என்று கேட்டால், 'பாதுகாப்பு இரகசியம்' என்ற திரையன்றோ குறுக்கே விழுகிறது!