மிஞ்சும் ஒரு மாத்திரை

ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனத்துக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, 64 மாத்திரை. ஏழேழாக வாசித்துக்கொண்டு போனால் ஒன்பது தடவையில் 63 தீர்ந்துவிடும். ஒன்று மிஞ்சும். அதை முதலிலேயே கார்வையாக, அதாவது இடைவெளியாக, விட்டுவிட்டுத் தொடங்கலாம். நடுவில் மூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசியில் வைத்து, சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, விழுவதற்கு முன் சபை முழுவதையும் ஒரு கணம் காக்க வைக்கலாம். மொத்தம் 64 என்பதோடு தாளத்தின் பேச்சு முடிந்துவிடுகிறது. மிஞ்சிய அந்த ஒன்று எங்கே போகும் என்பதை, வாசிக்கிறவர் அந்த நேரத்தில், அத்தனை பேர் முன்னிலையில் தீர்மானிக்கிறார்.

நான் புதுக்கோட்டையில் வழக்கறிஞர். பிறந்த ஊர் நார்த்தாமலை. முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவில் தவில் கேட்டுக் கேட்டு, பிறகு கஞ்சிரா கற்றுக்கொண்டேன். விதி, சட்டம், தர்மம் என்று வரும்போதெல்லாம் என் மனம் இந்த ஒரு மாத்திரைக்குத்தான் போகிறது. கடவுள் விதித்ததானாலும் நாடாளுமன்றம் இயற்றியதானாலும், விதி வந்தால் சுதந்திரம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். தாளமே இல்லாவிட்டால் அந்த ஒன்று மிஞ்சியிருக்காதே!

எங்கள் நார்த்தாமலையின் மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. வெளியே சதுரமாகத் தெரியும் விமானத்துக்குள் கருவறை வட்டமாக இருக்கும். தமிழ்நாட்டில் நாம் பார்த்துப் பழகிய கருவறைகள் சதுரம்தான். இங்கே ஒரு சிற்பி சதுரத்துக்குள் வட்டத்தை வைத்தார். அப்படி வைத்தும் அது கோயிலாகவே நிற்கிறது. இளங்கோவதியரையர் எடுப்பித்த அந்தக் கற்றளி மழையில் இடிந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. புதுப்பித்த பிறகும் அங்கே வட்டம்தான் நிற்கிறது.

எங்கள் பக்கத்துக் குடுமியான்மலையில் பாறை மேல் சுரங்களையே வெட்டிவைத்திருக்கிறார்கள். சுமார் ஏழாம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து, ஏழு பகுதிகள், நான்கு நான்காகச் சேர்த்த சுரங்கள். ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தப் பாறை முன் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பெரும் துக்கம் வரும். எழுத்து பிழைத்துவிட்டது, பாட்டு பிழைக்கவில்லை. இன்று அதை எடுத்துப் பாடுகிறவர்கள் ஊகத்தில்தான் பாடுகிறார்கள்.

அதே மண்ணில் இன்னொன்றும் நடந்தது. பஜனைக் கூட்டங்களில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக ஆக்கினார். அரண்மனையில் விளக்கேற்றும் வேலை பார்த்தவர் என்பார்கள். அவருடைய லயத்தை யாரும் கல்லில் வெட்டவில்லை. சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கையில் அது வேறு விதமாகப் பேசியது, அடுத்த தலைமுறை இன்னும் வேறு விதமாக வாசித்தது. அது இன்றும் புதுக்கோட்டை வழி என்றே அறியப்படுகிறது. பாறையில் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது மௌனமாகிவிட்டது. கைக்குக் கை மாறிக்கொண்டே வந்தது இன்றைக்கும் கேட்கிறது. விதியைக் காப்பது யார் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

நீதிமன்றத்திலும் இதைப் பார்க்கிறேன். நிரவலில், அதாவது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி விரிக்கும்போது, சாகித்திய வரி மாறாது. சொற்கள் தாளத்தில் தத்தம் இடத்திலேயே விழ வேண்டும், அதற்குள் ராகம் விரிய வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அப்படி ஒரு வரி. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. 1950இல், சென்னை மாநிலத்துச் சிறையில் இருந்த ஏ.கே. கோபாலனின் வழக்கில், சட்டமன்றம் இயற்றிய நடைமுறை ஒன்று இருந்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். 1978இல் மேனகா காந்தி வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது அதே நீதிமன்றம். பிரிவின் வாசகத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.

அப்படியென்றால் நீதிபதி மனம்போனபடி பாடலாமா என்று இளம் வழக்கறிஞர்கள் கேட்பார்கள். முடியாது. கச்சேரியில் முன்வரிசையில் இருக்கிறவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள், தப்பினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். திறந்த நீதிமன்றத்தில் விசாரிப்பதும், தீர்ப்புக்குக் காரணம் எழுதுவதும் எனக்கு அந்தத் தாளம்தான். காரணம் எழுதாத தீர்ப்பை, அது என் கட்சிக்காரருக்குச் சாதகமாக வந்தாலும், என்னால் மதிக்க முடிந்ததில்லை.

ஆனால் கணக்கு சரியாக வந்தும், பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் போய்ச் சேராத கோர்வையும் உண்டு. 1976இல், அவசரநிலையின்போது, காவலில் இருப்பவர் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கே போக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். காரணங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. குடியரசுத் தலைவரின் ஆணையைப் படித்தார்கள், பிரிவுகளைக் கூட்டினார்கள். 21ஆம் பிரிவு உயிரைக் காக்க வந்த வரி என்பது மட்டும் விட்டுப்போயிற்று. மாறுபட்டு எழுதிய நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான் எடுப்பை மறக்கவில்லை.

2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்த 1976 தீர்ப்பைத் தள்ளினார்கள். இடையில் 41 ஆண்டுகள். கஞ்சிராக்காரர் இடம் தவறினால் அடுத்த ஆவர்த்தனத்தில் பிடித்துவிடலாம், பாட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கை காட்டுவார். தீர்ப்பு இடம் தவறினால் அதைச் சுமந்து உள்ளே இருப்பவர் வேறு ஒருவர். கன்னாவும் ஃபசல் அலியும் எழுதிய அந்த மாறுபட்ட தீர்ப்புகளை, என்னிடம் ஜூனியராக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே முழுதாகப் படித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.