சட்டமும் வாய்மையும்

சட்டத்திற்குப் பொருந்தும் விடை வாய்மைக்கும் பொருந்துமா? 1999 முதல் 2006 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'தி வெஸ்ட் விங்' என்னும் அரசியல் நாடகம் இவ்வினாவை எழுப்புகின்றது.

நாடகத்தில் வரும் குடியரசுத் தலைவர் பார்ட்லெட், தமக்குற்ற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயை மக்களிடம் மறைத்தவர். 2001-இல் ஒளிபரப்பான பகுதிகளில், வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் பேபிஷ் இதனை ஆராய்கின்றார். விசாரணையை எதிர்நோக்கும் செய்திச் செயலாளர் சி.ஜே.யிடம், மணி என்னவென்று தெரியுமா என வினவுகின்றார். அவர் மணியைக் கூறுகின்றார். 'தெரியும்' என்பதோடு நிறுத்தப் பழகுக என்பதே பேபிஷின் அறிவுரை.

இது பொய்யன்று, சாட்சிக்குரிய தற்காப்பு. ஆயின், மக்கள் குறுக்கு விசாரணை செய்யும் எதிர்த்தரப்பினர் அல்லர், நம்பி வாக்களித்தோர். அவர்கள் கேட்க அறியாத வினாவிற்கும் விடை கூறுதல் ஆள்வோர் கடன் அன்றோ? அதே பேபிஷ்தான், தலைவரை வெறுக்கும் ஒருவரையே தனி வழக்குரைஞராக அமர்த்தச் செய்யுமாறு அவரிடமே இடித்துரைக்கின்றார்.

2002-இல் ஒளிபரப்பான பகுதியில், காங்கிரசின் கண்டனத் தீர்மானத்தைத் தலைவர் ஏற்றுக்கொள்கின்றார். தாம் செய்தது தவறென்கின்றார். அத்தீர்ப்பை வழங்கியது நீதிமன்றமன்று, மனச்சான்றே.

எதைச் சொல்லாதிருக்கலாம் என்று காட்டுவது சட்ட அறிவு. எதைச் சொல்லியே தீரவேண்டும் என்று காட்டுவது அறம். இரண்டையும் அஞ்சாது உரைப்பவரே நல்ல ஆலோசகர்.