மருத்துவக் கல்வியும் குபேரன் கடனும்

நீட் தேர்வின் முடிவு வந்து கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் குடும்பங்களில், எந்த மருத்துவக் கல்லூரி என்ற பேச்சு பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது: கட்டணம் எவ்வளவு, ஊரிலிருந்து எத்தனை தொலைவு, கல்லூரியின் பெயர் எப்படி. இவை முழுக்க உலகியல் கணக்குகள், சமயச் சிந்தனைக்கு இங்கே வேலை இல்லை என்று வேறு ஊர்களில் சொல்லிவிடலாம். திருப்பதியில் அது அவ்வளவு எளிதாக இல்லை; ஏனெனில் அவ்வூரில் மருத்துவக் கல்வியின் ஒரு பகுதி கோயில் காணிக்கையின் துணையால் நடக்கிறது, அந்தக் காணிக்கையோ மரபின் பார்வையில் ஒரு பழைய கடனுக்குக் கட்டப்படும் வட்டியாகும்.

திருமலையின் தலபுராண மரபின்படி, பத்மாவதியை மணப்பதற்காக ஸ்ரீநிவாசன் குபேரனிடம் பெரும்பொருளைக் கடனாக வாங்கினான் என்றும், கலியுகம் முடியும்வரை வட்டியை மட்டும் கட்டி, முதலை யுக முடிவில் தீர்ப்பதாக ஒப்புக்கொண்டான் என்றும், அடியார் உண்டியலில் இடுவதெல்லாம் அந்த வட்டிக்கே போகிறது என்றும் நம்பப்படுகிறது. அந்தப் பணம் நடைமுறையில் எங்கே போகிறது என்று பார்த்தால், ஊனமுற்றோருக்கான பர்ட் மருத்துவமனையும், 1995இல் சட்டமன்றச் சட்டத்தால் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்விம்ஸ் என்னும் ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ அறிவியல் கழகமும், அதன் கீழ் 2014இல் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் மருத்துவக் கல்லூரியும் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்தவை என்பது தெரியவரும். எந்த மணமகளுக்காகக் கடன் வாங்கப்பட்டதோ அவள் பெயரிலேயே அந்த வட்டிப் பணத்தின் நிழலில் ஒரு கல்லூரி நிற்கிறது. மாணவியர் கட்டணம் கட்டவே செய்கிறார்கள். எனினும் அவர்கள் படிக்கும் கட்டடத்துக்குப் பின்னால், பெயர் தெரியாத ஒரு விவசாயி மஞ்சள் துணியில் முடிந்துவந்து போட்ட நாணயமும் இருக்கிறது.

இங்கே வைதிக மரபின் ருணக் கோட்பாட்டை நினைவுகூர்வது பொருந்தும். ருணம் என்பது மனிதன் பிறக்கும்போதே தன்மேல் ஏற்றுக்கொண்டு வரும் கடன். தைத்திரீய சங்கிதை அதனை மூன்றாக வகுத்து, தேவர்க்குரியது வேள்வியாலும், முன்னோர்க்குரியது மக்கட்பேற்றாலும், முனிவர்க்குரியது கல்வியாலும் தீரும் என்கிறது. சதபத பிராமணம் மனிதர்க்குரிய கடன் என்ற நான்காவதையும் சேர்த்து, விருந்தோம்பலால் அது தீரும் என்று கூறுகிறது. இப்பகுப்பில் கவனிக்க வேண்டியது கல்வியின் இடம்: அங்கே கற்பதுதான் கடனை அடைக்கும் வழி. இக்காலத்து மருத்துவப் படிப்பிலோ கற்பதே கடனை உண்டாக்குகிறது. அந்தக் கடனை அடைப்பதற்காக வேறொருவர் நோயுற வேண்டியிருக்கிறது. கட்டணம் பற்றிய கேள்வி பொருளாதாரத்தின் எல்லையைத் தாண்டி அறவியலுக்குள் நுழையும் இடம் இதுவே.

ஆந்திரத்தின் தனியார் கல்லூரிகளில் ஒரே வகுப்பறையில் அமர்ந்திருப்போர் அரசுக் கலந்தாய்வில் நிரப்பப்படும் கன்வீனர் இடம், நிர்வாக இடம், வெளிநாடு வாழ் இந்தியர் இடம் என வெவ்வேறு விலைகளில் வந்தவர்கள். 2017 செப்டம்பரில் மாநில அரசு தனியார் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். கட்டணத்தை முன்பிருந்ததைப்போல் ஏழு மடங்காக, ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாயாக உயர்த்தியது; உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ய, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தி, கல்வி லாபம் ஈட்டும் தொழில் அன்று என்று கூறியது. நீதிமன்றம் சொன்னதைப் பழைய ஆயுர்வேத நூலான சரக சங்கிதை தன் வழியில் முன்பே சொல்லியிருக்கிறது: பொருளுக்காகவும் இன்பத்துக்காகவும் அன்றி உயிர்களிடத்து இரக்கத்தால் மருத்துவம் செய்பவனே உயர்ந்தவன், மருத்துவத்தைச் சரக்காக விற்பவன் பொன்னை விட்டுப் புழுதியைச் சேர்ப்பவன் என்பது அதன் கருத்து. ஆனால் நிலத்தை விற்றுப் படிக்க வைக்கப்பட்ட ஓர் இளம் மருத்துவரிடம் இந்த அறிவுரையைச் சொல்லுவது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கொடுமையானது. விற்பதா இரங்குவதா என்ற முடிவு அவர் மருத்துவராவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, தந்தை பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில், பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது.

அதே சரக சங்கிதையின் விமான ஸ்தானம் என்னும் பகுதி, தன் எட்டாம் அதிகாரத்தில், மருத்துவனாக விரும்புபவன் எடுத்த காரியத்தின் கனத்தையும் பயனையும், தேசத்தையும் காலத்தையும் எண்ணிப்பார்த்து, முதலில் நூலையும் பின்னர் ஆசிரியரையும் சோதிக்க வேண்டும் என்று விதிக்கிறது. நூலுக்குச் சொல்லப்பட்ட தகுதிகளுள் புகழ்பெற்ற அறிஞர்கள் கையாண்டது என்பதும் ஒன்று. ஆசிரியருக்கோ தெளிந்த கல்வி, கண்டறிந்த செயல்முறை, தூய்மை, கைத்திறன், சினமின்மை, மாணவரிடத்து அன்பு ஆகியன கேட்கப்படுகின்றன. ஆக, பெயரும் இடமும் தகாத கேள்விகள் அல்ல. அவற்றை எங்கே தேடுவது என்பதில்தான் வேறுபாடு. 1960இல் தொடங்கிய, திருப்பதியின் அரசுக் கல்லூரியான ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் ரூயா மருத்துவமனையில், ராயலசீமையின் ஏழை நோயாளிகளின் படுக்கை ஓரத்தில் கற்கிறார்கள்; கல்லூரியின் பெயர் என்று ஒன்று உண்டானால் அது அந்தப் படுக்கைகளிலிருந்தே பிறக்க வேண்டும்.

தேசம் என்பதோ மனிதர் வகுத்த கோடுகளுக்கும் கட்டுப்பட்டது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது, திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 1974ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கல்லூரி இடங்களில் 85 விழுக்காட்டை உள்ளூர்ப் பகுதியினருக்கு ஒதுக்கி, ராயலசீமை உள்ளிட்ட பகுதிக்கு ஸ்ரீ வேங்கடேஸ்வரப் பல்கலைக்கழகத்தின் பெயரையே இட்டது. எல்லையின் ஆந்திரப் பக்கத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்குச் சென்னை எத்தனை அருகில் இருந்தாலும் இடம் என்னவோ இந்தக் கோட்டுக்குள்தான் முதலில் தேடப்படுகிறது.

சித்தூரைத் தாண்டினால் வேலூர். ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.), திருச்சபைகளின் பரிந்துரையால் சேர்வோர் படிப்பு முடிந்ததும் மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள். தொண்டு மனப்பான்மையைத் தானே சோதித்து மாணவரைத் தேர்ந்துவந்த அக்கல்லூரி, பொதுக் கலந்தாய்வை ஏற்காமல் 2017இல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனப்பான்மையை நேர்காணலில் அளந்துவிட முடியும் என்ற நம்பிக்கை ஐயத்துக்குரியதே. ஆயினும் கடனை எழுத்தில் வைத்து, பணத்தால் அன்றிப் பணியால் திருப்பிக் கேட்கும் முறையில் ருணக் கோட்பாட்டின் உயிர் இருக்கிறது. மருத்துவரின் செலவை நோயாளிமேல் சுமத்தாத முறை பழைய கோயில்களிலும் இருந்தது: காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதம் பயில்வோருக்கும் கோயில் பணியாளருக்கும் பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, மருத்துவர்க்கும் அறுவை செய்வோர்க்கும் உரிய ஊதியத்தோடு பதிவு செய்துள்ளது. அங்கும் மருத்துவருக்குப் படியளந்தது கோயில், நோயாளி அல்லர்.

குறைந்த கட்டணத்தில் படித்தவரெல்லாம் கடனுணர்வோடு இருப்பதில்லை என்ற மறுப்பு வலிமையானது. அரசு இடத்தில் படித்துவிட்டுத் திரும்பிப் பாராதவர்களும் உண்டு. கேட்கப்படாத கடன் மறக்கப்படும் என்பதே அதன் விளக்கம், கடன் இல்லை என்பதன்று. மேலும், தரவரிசையில் பின்தங்கியவருக்குத் தேர்வு என்ற சொல்லே பெரும்பாலும் பெயரளவானது. தேர்ந்துகொள்ளும் நிலையில் உள்ள குடும்பம், எந்தக் கல்லூரியின் கடனை நோயாளியின் மடியில் கைவைக்காமல் அடைக்க முடியும் என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. நிலத்தை விற்று வாங்கும் பெயர்பெற்ற இடத்தைவிட, பெயர் ஒரு படி குறைந்தாலும் அரசுக் கல்லூரி இடமே மேலானது.