அவள் சுத்தமுள்ளவள்



இந்த மாதச் செய்திக்கு முன்னே ஒரு தவறை அறிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. தவறு செய்தவன் நான்தான்.

நம் சபையில் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். பெயர் வேண்டாம், அவளிடமும் தாயாரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். 12 வயதில் அவள் உதட்டோரம் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. அப்புறம் விரல்களில், முழங்கையில், கழுத்தில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு "மேப்" என்று பெயர் வைத்தார்கள். "இன்னைக்கு எந்த நாடு புதுசா வந்திருக்கு?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அவள் தொட்ட நோட்டை நுனிவிரலால் தள்ளுவார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கை போட்டுக்கொண்டு, கடைசி பெஞ்சில் தனியாகச் சாப்பிடுவாள்.

சரி, சபையிலாவது ஆறுதல் கிடைத்ததா? அந்த நாட்களில்தான் நான் கேயாசியைப் பற்றிப் பிரசங்கித்தேன் (2 இராஜாக்கள் 5). பொருளாசையால் வந்த தண்டனையை விளக்குகிற வேகத்தில், "வெண்குஷ்டம்!" என்று கையை உயர்த்திச் சத்தமிட்டேன். சபையும் அல்லேலூயா சொன்னது. அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பிள்ளை வரவில்லை. பரீட்சை என்றார்கள், நானும் நம்பினேன். மேய்ப்பன் என்று பெயர் எனக்கு!

அவளைத் தேடிப் போனவர் அறிவியல் டீச்சர். நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கூட அல்ல. ஒரு மத்தியானம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "உங்க அம்மா புளிசாதம் வாசனை வராண்டா வரைக்கும் வருது, கொஞ்சம் தாம்மா" என்று அவள் டிபன் பாக்ஸிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாராம். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் யாரையும் திட்டவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

பிறகு ஒரு நாள் நோட்டில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதை உண்டாக்குகிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தாக்கும்போது அந்த இடம் வெளுக்கிறது. அது ஒட்டாது. குஷ்டம் கிருமியால் வருவது, அதற்கும் மருந்து உண்டு, இது வேறு. மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வருவதும் அல்ல (என் பாட்டி சாகிறவரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள்). 2010-லேயே தமிழக அரசு, வெண்குஷ்டம் என்று சொல்லாமல் வெண்புள்ளிகள் என்றே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது. அரசாங்கத்துக்குத் தெரிந்தது நம் பிரசங்க பீடத்துக்குத் தெரியவில்லை.

"அப்போ இது என் தப்பு இல்லையா டீச்சர்?"

"உன் தப்பும் இல்ல, உங்க அம்மா தப்பும் இல்ல."

"சாபம்னு சொல்றாங்களே?"

"அது எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. உங்க பாஸ்டர்கிட்டயே போய்க் கேளு. பயப்படாம கேளு."

வந்தாள். தாயார் கூட வந்திருந்தார்கள். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, "ஐயா, நான் கேயாசியா?" என்று கேட்டாள்.

தேவஜனமே, எனக்கு வாய் திறக்கவில்லை. அன்றிரவு முழங்காலில் நின்று லேவியராகமம் 13-ஐ வாசித்தேன். 38, 39-ஆம் வசனங்களை நீங்களும் எடுத்துப் பாருங்கள். தோலில் வெள்ளைப் புள்ளி உள்ளவர் ஆணோ பெண்ணோ, ஆசாரியன் பார்க்க வேண்டும். அது வெறும் தேமல் என்றால் அவர் சுத்தமுள்ளவர். அந்த அதிகாரம் முழுவதும் ஆசாரியனுக்கு மறுபடி மறுபடி சொல்லப்பட்ட வேலை ஒன்றே: பார். கிட்டே வந்து பார், அப்புறம் பேசு. நான் பார்க்காமலே பேசினேன். டீச்சர் கிட்டே வந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே மன்னிப்புக் கேட்டேன்.

தோல் டாக்டர் கொடுத்த மருந்தைப் போடுகிறாள். சில இடம் நிறம் திரும்பியிருக்கிறது, சில இடத்தில் புதிதாக வந்திருக்கிறது. இப்போதும் யாராவது "மேப்" என்றால், "ஆமா, இலங்கை வந்திருக்கு, பாரு" என்று கையை நீட்டுகிறாளாம்.

என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். "ஐயா, எனக்காக வீட்ல ஜெபிங்க. வாராவாரம் முன்னாடி கூப்பிட்டு நிறுத்தாதீங்க. மத்தவங்க மாதிரி நானும் உக்காந்து பாடணும்."

சரி மகளே என்றேன். போன ஞாயிறு அரைக்கைச் சுடிதாரில், பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் இருந்தாள். டீச்சருக்கும் அழைப்பு சொல்லியிருக்கிறாளாம், கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு.