சோதனையும் சுட்டுணர்வும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ‘மோட்டார்’ என்பது ஒரு வகுப்பு. ‘நகர்’, ‘நில்’ என்னும் கட்டளைகளும் நிலை, வேகம் முதலிய விவரங்களும் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த வகுப்பு சுழலாது, சூடாகாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் சுழல்பவை தனித்தனி மோட்டார்கள். 1960களில் நார்வேயில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியோடு வந்தது, வகுப்புக்கும் தனிப்பொருளுக்கும் இடையிலான இந்தப் பிரிவு. வகுப்பு என்று ஒன்று உண்மையில் உண்டா என்ற வழக்கோ அந்தத் தொழிற்சாலைகளுக்கு அருகிலுள்ள காஞ்சியில் மிகப் பழையது.

உண்டு என்றனர் தத்துவ மரபினரான நியாய வைசேடிகர். பசுக்கள் அனைத்திலும் பசுத்தன்மை என்னும் சாதி நிலைத்திருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. காஞ்சிக்கு அருகே பிறந்தவராகத் திபெத்திய மரபு கூறும் பௌத்தர் திக்நாகர் இதை மறுத்தார். ‘பசு’ என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே. அவருக்கு அளவைகள், அதாவது அறியும் வழிகள், இரண்டுதான்: காட்சி தனிப்பொருளை அறியும், அனுமானம் பொதுமையை அறியும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் உரைப்பதும் இந்த இரண்டளவைதான். அங்கே காட்சி சுட்டுணர்வு எனப்படுகிறது. பெயர், சாதி, குணம், செயல் எதுவும் ஏறாத அறிவு அது.

இயக்கக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கும்போது உண்மை மோட்டாரின் இடத்தில் போலி மோட்டார் ஒன்று வைக்கப்படுகிறது. கட்டளைகளும் விடைகளும் ஒரே வடிவில் இருப்பதால் நிரலுக்கு வேறுபாடு தெரியாது. ‘90 பாகை திரும்பு’ என்றால் போலி உடனே 90 என்கிறது. உண்மை மோட்டாரின் தண்டில் உள்ள, கோணத்தை அளக்கும் என்கோடர் 89.7 என்று காட்டலாம். உராய்வு ஏறியிருக்கும், அல்லது சுமை கூடியிருக்கும். சோதனை தந்தது அனுமானம்: இந்த வகுப்பைச் சேர்ந்தது, ஆகவே இப்படி இயங்கும். அந்த 0.3 பாகை தனிப்பொருளுக்கு உரியது. எந்த வகுப்பிலும் எழுதப்படாதது.

அப்படியானால் என்கோடர் தரும் எண்ணைத் திரையில் பார்க்கும் கண்காணிப்புதான் காட்சியா? திக்நாகர் ஒப்பமாட்டார். எண்ணுக்கு ‘நிலை’ என்று பெயரிட்டு, கட்டளையோடு ஒப்பிட்டு, ‘பிழை’ என்று வகைப்படுத்திய பிறகே அது திரைக்கு வருகிறது. பெயரும் சாதியும் ஏறிவிட்டன. திரையில் எரியும் சிவப்பு விளக்கு, நெருப்பை அனுமானிக்க வைக்கும் மலைமேல் புகைதான். நெருப்பை இன்னும் எவரும் பார்க்கவில்லை.

இவ்வளவு தூரம் திக்நாகர் பக்கமே வலுவானது. ஆனால் பழுதான மோட்டாரைக் கழற்றியதும் நியாய வைசேடிகரின் முறை வருகிறது. ஸ்டோர் ரூமில் போய் ‘இதே மோட்டார் இன்னொன்று’ என்று கேட்பவர், பௌத்தராகவே இருந்தாலும், சாதி உண்டு என்றுதான் பேசியாக வேண்டும்.