ஓய்வு யாருக்கு?

தெமோதரை நிலையத்தைத் தாண்டிப் பதுளை நோக்கிப் போகும் ரயில் பாதை, மலையைச் சுற்றிவந்து அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. எங்கள் அயலிலுள்ள ஓய்வுபெற்ற தோட்டத் தம்பதியின் வாழ்வும் அப்படித்தான். திருச்சிப் பக்கம் பூர்வீக ஊரைப் பார்க்கக் கடவுச்சீட்டு எடுத்தார்கள். கொழும்பு மகள் பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள், பயணம் நின்றது.

ஊழியர் சேமலாப நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் பெறலாம். சட்டம் அவளுக்கு அந்த நிதியை முந்தியே தருகிறது, வீடு ஓய்வு தருவதில்லை. கணவர் கூட்டாளிகளோடு கடைவாசலில், அவள் அடுப்படியில்.

பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது அன்புதானே என்பார்கள். அன்புதான். ஆனால், மறுக்க இடமில்லாத இடத்தில் அது அன்பா, கடமையா?

போக விருப்பமில்லையா என்று கேட்டேன்.

“என்னைய யாரு மாஸ்டர் கேட்டா?” என்றார்.

நானும் என் உம்மாவிடம் கேட்டதில்லை.